சல்லியில் வைத்த புக்கை

வெள்ளைக்காரன் எங்கள் ஊர்த் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் எங்கள் சபையில் ஊழியத்துக்கு ஆள் அனுப்பும் வழக்கம் வந்தது. ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் அடிவாரத்தில் சின்னச் சபை. போதகர் ஐயா இரண்டிரண்டு பேராக முன்னே அழைத்துத் தலையில் கைவைத்துச் செபிப்பார். பிறகு சனிக்கிழமைகளில் கரையோர ஊர்களுக்குப் போய் வீடு வீடாகச் சந்திக்க வேண்டும். சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. போகிற வீட்டில் எதை வைக்கிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும். ஆண்டவர் தம் சீஷரை அப்படித்தான் அனுப்பினார் என்று ஐயா விளங்கப்படுத்தினார்.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் என்னைத் தெரிந்தெடுத்தார்கள். பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னைப் போல் குரலெடுத்துப் பாட அந்தச் சபையில் ஒருத்தரும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். வேதம் வாசிக்க ஒரு ரீச்சரை என்னோடு சோடி சேர்த்தார்கள். என்னைவிட இளையவ, நல்ல பிள்ளை, ஆனால் கண்டிப்பு.

சல்லி என்ற கரையோர ஊரில் ஒரு மீனவர் வீட்டுக்கு நாங்கள் வழக்கமாகப் போவோம். அந்த வீட்டுப் பெண் பாட்டுக் கேட்பாள், செபத்துக்குத் தலை குனிவாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒருமுறை போனபோது முற்றம் கூட்டித் தெளித்திருந்தது. கச்சான் காற்று அவள் புருஷனின் வள்ளத்தை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஆள் இல்லை என்றே எல்லாரும் முடிவு கட்டிய நேரம், அவன் குச்சவெளிப் பக்கம் கரையேறி வந்துவிட்டானாம். அதற்காக அம்மனுக்குப் பொங்கிப் படைத்திருந்தாள். படைத்த புக்கையை இரண்டு வாழையிலையில் போட்டு எங்கள் முன்னால் வைத்தாள்.

ரீச்சர் என் காதுக்குள், "அக்கா, இது படைச்சது. வாயில வைக்கப்படாது" என்றா.

படைத்ததைத் தொடக் கூடாது என்று ஞானஸ்நான வகுப்பில் சொன்னவரும் ஐயாதான், வைத்ததைச் சாப்பிடு என்று அனுப்பினவரும் ஐயாதான். இரண்டையும் சொன்ன மனுசன் பக்கத்தில் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் காது கூர்மை. "ஏன் அக்கா, என்ர மனுசன் உயிரோட வந்தது உங்களுக்குச் சந்தோசமில்லையோ?" என்று கேட்டாள்.

நான் சாப்பிட்டேன். ரீச்சர் இலையைத் தொடவில்லை. சாப்பிட்டு முடிய அந்தப் பெண் என்னைச் செபிக்கச் சொன்னாள். கண்ணை மூடினால், மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. நன்றிதான் வாயில் வந்தது. அவள் புருஷன் உயிரோடு மூலையில் உட்கார்ந்திருந்தானே.

ஞாயிற்றுக்கிழமை, போய்வந்தவர்கள் சபைக்கு முன் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ரீச்சர் கூட்டாமல் குறைக்காமல் சொன்னா. நானும் ஓம் என்றேன். ஐயா பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, கொஞ்சநாள் நீங்கள் வீட்டிலிருந்து செபியுங்கோ என்றார். வேறு சோடி போனது. போய்வந்தவர்களிடம் பாட்டு எப்படி என்று கேட்டேன். வாசித்தார்களாம், பாடவில்லையாம். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. நான் பிழை செய்தேனா, செய்தது சரியா? சரியென்றால் ஏன் நிறுத்தினார்கள்? குசினிக்குள் அடுப்பைப் பார்த்தபடி நின்று நின்று யோசித்தேன்.

ஒருநாள் சல்லிப் பெண் மீன்கடகத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். டவுனுக்கு விற்க வந்தவள், விசாரித்துத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

"ஏன் அக்கா வாறேல்லை? புதுசா வாற ஆக்களுக்குப் பாடத் தெரியாது. வீடு ஏதோ செத்தவீடு மாதிரிக் கிடக்கு."

நடந்ததைச் சொன்னேன். அவள் கடகத்தை இறக்கி வாசலில் வைத்தாள்.

"இவ்வளவுதானோ? இனி நான் பொங்கினா, படைக்க முந்தி உங்களுக்கு ஒரு சட்டியில எடுத்து வைக்கிறன். அந்த ரீச்சரம்மாவும் சாப்பிடலாம். உங்கட ஐயாட்டைச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். ஐயா கதிரையை விட்டு எழும்பிச் சன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி, "அவ சொல்லுறது நல்ல ஏற்பாடுதான். ஆனா அண்டைக்கு நீங்க சாப்பிட்டது சரியோ பிழையோ எண்டு என்னைக் கேக்காதேங்கோ. எனக்கும் தெரியேல்லை. போயிட்டு வாங்கோ" என்றார். கைவைத்துச் செபிக்கவுமில்லை, சபைக்கு முன் அழைக்கவுமில்லை.

அடுத்த சனிக்கிழமை ரீச்சரும் நானும் பஸ் ஏறினோம். சல்லிச் சந்தி வரும்போது ரீச்சர் மெல்லக் கேட்டா.

"அக்கா, இந்தமுறை எங்களை ஆர் அனுப்பினது? சபையோ, அந்த மீன்காரியோ?"

"முதல்ல இறங்குவம்" என்றேன். நானே முன்னுக்கு இறங்கினேன்.