ஏறிக்கொண்டே போன ஐட்லிங்

வண்டி எங்கே நின்றாலும், சிக்னலோ ரயில்வே கேட்டோ, டிரைவரின் இடது கை தானாகப் போய் கியர் குமிழின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பிடிக்காது, ஆட்டாது. தூங்கும் குழந்தையின் தலையில் வைத்த கைபோலச் சும்மா இருக்கும். கல்யாணமான புதிதிலிருந்தே அவர் மனைவி இதைப் பார்த்து வந்தாள்.

“அந்தக் குமிழுக்குக் கெடைச்ச கொடுப்பினை எனக்கு இல்ல” என்று ஒருமுறை சொல்லியும் காட்டினாள்.

“அது பேசாம வருதே” என்றார் அவர்.

அவள் தையல்காரி. தைத்து முடித்த துணி மூட்டையைக் கடையில் இறக்க, அவருடைய முதல் சவாரிக்கு முன்னால் தினமும் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். இருவருக்கும் பேசக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். அவள் பேசுவாள், அவர் “சரி” என்பார். வேறூரில் வேலை பார்க்கும் மகள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், தொலைபேசியில் குறைப்பட்டுக்கொள்வாள்: “என்ன கேட்டாலும் ‘சரிம்மா, ஒடம்பப் பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டு வெச்சுடறார்மா.” கார் அந்த மகளைவிட வயதில் மூத்தது. அதன் சம்பாத்தியத்தில்தான் அவள் படித்தாள்.

அந்தக் கார்தான் கொஞ்ச நாளாக வம்பு செய்துகொண்டிருந்தது. ஐட்லிங், அதாவது நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஏறிக்கொண்டே போனது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாதபோதும் இன்ஜின் மூச்சு வாங்கியது. நிற்கவேண்டிய இடத்தில் நிற்க மனமில்லாமல் இரைந்தது. கிளட்சை விட்டால் ஒரு துள்ளு துள்ளும். போன வாரம் மருத்துவமனை வாசலில் அப்படித்தான் துள்ளி, ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்த ஒருவரின் பக்கத்தில் போய், உரசாமல் நின்றது. அன்று ராத்திரி டிரைவர் சாப்பிடவில்லை. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சாவியக் கழட்டி ஆணியில மாட்டிடறேன்” என்றார்.

சாவியை மாட்டிவிட்டு அவர் என்ன செய்வார் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வீட்டு நாற்காலியில் அவரை உட்கார்த்திவைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அதனால் அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அவளும் கூடக் கிளம்பினாள்.

பட்டறை அவளுடைய தம்பியுடையது. ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. முன்பெல்லாம் அந்தச் சந்துக்குள் ரிவர்ஸிலேயே வழுக்கிக்கொண்டு வந்து நிறுத்துவார் டிரைவர். இப்போது முன்பக்கமாக நுழைத்துவிட்டு, “வெளிய எடுக்கறது உன் பாடு மாப்ள” என்று இறங்கிவிட்டார்.

“மறுபடியும் ஐட்லிங்தானா?” தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. “போன தடவ உங்க கண்ணு முன்னாடிதான மாமா எறக்கி வெச்சேன்?”

“எறக்கினே. அது ஏறிக்கிச்சு. கைராசி அப்படி.”

“என் கைராசிக்கு என்ன? நீங்கதான் வேற எவன்கிட்டயோ காட்டறீங்க.”

“எவனாவது சரியாப் பண்ணுவான்னு சொல்லு, இப்பவே போறேன்.”

“ரெண்டு பேரும் வாய மூடிட்டு வண்டியப் பாருங்க” என்று அவள் கவிழ்த்துப் போட்ட டயரின் மேல் உட்கார்ந்தாள்.

தம்பிக்கு இந்த முறை ரோஷம். சோக் முழுக்கத் திறக்கிறதா என்று பார்த்தான், திறந்தது. கேபிளைச் சுண்டிப் பார்த்தான், இழுத்துக்கொண்டிருக்கவில்லை. எங்காவது ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனாலும் இன்ஜின் இப்படித்தான் இரையும் என்று சொல்லிக்கொண்டே கார்புரேட்டரின் இணைப்புகளில் கிளீனரை அடித்தான். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கடைசியில் டார்ச்சை எடுத்து ஐட்லிங் ஸ்க்ரூவைப் பார்த்தான். போன தடவை அவன் அடையாளமாக வைத்திருந்த வெள்ளைப் பெயின்ட் புள்ளியை ஸ்க்ரூ எங்கோ தாண்டியிருந்தது. அதன் வாயில் புதுக் கீறல் பளபளத்தது.

“சத்தியமா எவனோ கை வெச்சிருக்கான்க்கா. சும்மா ஏறாது இது.”

டிரைவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

தம்பி ஸ்க்ரூவைப் புள்ளிக்குத் திருப்பினான். இன்ஜின் மெல்ல மெல்ல இறங்கி அடங்கியது. தையல் மெஷினில் காலை எடுத்தபிறகும் சக்கரம் கொஞ்சம் தானாகச் சுற்றுமே, அந்த அளவுதான் சத்தம். “ஒக்காந்து பாருங்க மாமா” என்று சைகை காட்டிவிட்டுக் கை துடைத்தான்.

திரும்பி வந்திருந்த டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இடது கை குமிழுக்குப் போனது. இந்த முறை அது சும்மா இருக்கவில்லை. விரல்களை விரித்து அழுத்திப் பார்த்தது. கரண்ட் போன நேரத்தில், நூல் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று துணியைத் தடவும் தன் விரல்களை அவள் அதில் பார்த்தாள். பிறகு அவருடைய வலது கை சாவியைத் திருகியது.

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் மேல் ஸ்டார்ட்டர் போய் மோதியது. இரும்போடு இரும்பு உரசும் அந்தக் கிறீச்சலில் பக்கத்து டயர் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். காருக்குள் இருந்தவர் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

“மாமா, வண்டி ஓடிட்டுதான...” தம்பி முடிக்கவில்லை. சண்டைக்கு வந்த குரல் பாதியிலேயே தணிந்துவிட்டது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். “இன்ஜினுக்கு அடியில ரப்பர் மாத்தினேன்க்கா. பழசு நைஞ்சு போயி, வண்டியே உதறிட்டு இருந்துச்சு. மாமா அலுங்காம ஓட்டட்டுமேன்னு நானாதான் மாத்தினேன். அதுக்கப்புறம்தான் இந்த ஐட்லிங் வம்பே ஆரம்பிச்சுது.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. காது விட்டதைக் கை பிடித்துக்கொண்டிருந்தது. உதறல் நின்றதும் கைக்கும் கேட்காமல் போய்விட்டது. டேஷ்போர்டு பெட்டியில் சின்ன ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று ஒருநாள் அவள் கேட்டபோதும் “சரி” என்றுதான் சொன்னார்.

அவள் போய் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவர் தன் முகத்தைப் பார்க்கும்படி திரும்பி உட்கார்ந்தாள்.

“எப்பலேருந்து?”

அவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆயிடுச்சோன்னு பயம். கொஞ்சம் ஏத்தி வெச்சா கைக்குத் தெரிஞ்சுது. அப்புறம் இன்னும் கொஞ்சம்.”

“எங்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னா சாவிய வாங்கி வெச்சிருப்பே.”

வாங்கித்தான் வைத்திருப்பாள். அதனால் வேறு கேள்விக்குப் போனாள். “அப்ப நான் தெனம் பேசிட்டு வரேனே, அது?”

“உன் குரல் வரும். வார்த்தைதான் சிலது வந்து சேராது.” இடது கை மறுபடி குமிழுக்குப் போனது. “குரல் வருதேன்னு சரின்னுடுவேன்.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. “எதுக்கெல்லாம் சரின்னீங்கன்னு தெரியுமா? வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சரின்னீங்க. மீசைய எடுக்கச் சரின்னீங்க.”

“மீசையா?” கை மேலே போனது.

“எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுங்கன்னேன். அதுக்கும் சரின்னீங்க.”

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். “மீசைய விட்டுடு. மத்ததெல்லாம் சொன்னா சொன்னதுதான்.”

அன்று தம்பிதான் வண்டியை ஓட்டி இருவரையும் வீட்டில் விட்டான். காது டாக்டர் பார்த்து முடித்து, காதுக்கு மெஷின் வந்து, அதை மாட்டிக்கொண்டு ஓட்டலாம் என்று சொல்லும்வரை டிரைவர் சாவியைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பயந்ததுபோலத்தான் இருந்தது அந்தக் காட்சி. ஆனால் அது முடிந்தது. மெஷினோடு முதல் தெருவைத் தாண்டியதுமே வண்டியை ஓரம்கட்டினார். “இந்த டப்பாவையா இத்தன நாளா ஓட்டினேன்? நாலு கதவும் நாலு பேச்சுப் பேசுதே!” கடை வருவதற்குள் இன்னொன்றும் சொன்னார்: “நீ இவ்வளவு பேசுவியா?” ஆனாலும் மெஷினைக் கழற்றவில்லை.

தம்பி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, “பழைய ரப்பரையே போட்டுடட்டுமா மாமா?” என்று கேட்டான்.

“வேணாம் மாப்ள. உங்கக்காவுக்கு முதுகு வலி” என்றார் அவர். ஐட்லிங் வெள்ளைப் புள்ளியிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் அவள் ஸ்டியரிங் பிடித்தாள். முதலில் வண்டி குதித்துக் குதித்து நின்றது. “தையல் மெஷின்ல மெதுவா மிதிப்பியே, அப்படி மிதி” என்றார். மிதித்ததும் வந்துவிட்டது. நிறுத்தும்போதெல்லாம் அவள் கையை எடுத்துக் குமிழின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைப்பார். “தெரியுதா?” என்று கேட்பார். புது ரப்பர், ஒன்றும் தெரியாது. அவள் “சரி” என்பாள்.

முன்னால் போவது, திருப்புவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் படிந்தது. ரிவர்ஸை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். “பின்னால போறதுக்குக் கண்ணு மட்டும் பத்தாது, காதும் வேணும். மொதல்ல எனக்கு இந்த மெஷின் நல்லாப் பழகட்டும். அடுத்த வாரம்.” அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் மைதானம் முழுக்க லாரிகள். அதற்குப் பிறகு ஒரு விடிகாலையில் அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். மெஷின் தலையணைக்குப் பக்கத்தில் அதன் டப்பாவுக்குள் இருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்டுகிறாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். பழகுநர் உரிமம் முடிய முடியப் புதுப்பித்துக்கொள்கிறாள். எங்கே போனாலும் முன்பக்கமாகவே வெளியே வரக்கூடிய இடமாகப் பார்த்து நிறுத்துகிறாள். முட்டுச்சந்துப் பட்டறைக்குப் போகும் நாளில்தான் சிக்கல்.

“அரைமணி நேரப் பாடம்க்கா. நான் சொல்லித் தரேன். ரிவர்ஸ் எடுக்காம எவன் உனக்கு லைசென்ஸ் குடுப்பான்?” என்று தம்பி ஒவ்வொரு முறையும் கேட்கிறான்.

“அது உங்க மாமா தரவேண்டியது. நீ ஏன் நடுவுல வரே?” என்று, அவனையும் ரிவர்ஸ் எடுக்க விடாமல், அவள் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்குகிறாள். தம்பி ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறான். அவள் பானெட்டில் தோளைக் கொடுக்கிறாள். திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருவருமாக வண்டியைத் தெருமுனை வரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.