அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் துண்டு

சில வருடங்களுக்கு முன்பு, கலிஃபோர்னியாவில் நாங்கள் மில்பிடாஸில் குடியிருந்தபோது நடந்தது இது. கணவருக்கு ஐ.டி. வேலை. எனக்கு டிபெண்டன்ட் விசா. திருச்சியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, கல்லூரியில் பாடமும் நடத்திவிட்டு வந்தவள் நான். அமெரிக்கச் சட்டப்படி அங்கே நான் செய்யக்கூடிய ஒரே வேலை சாம்பார் வைப்பதுதான். மகளுக்கு அப்போது மூன்று வயது.

பிளசன்டனில் ஒரு வீட்டில் நடந்த பொங்கல் விழாவில்தான் அந்த அங்கிளைச் சந்தித்தேன். பக்கத்து ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் அவருக்கு ஏக மரியாதை. யார் வீட்டுப் பிள்ளைக்கு அட்மிஷன் என்றாலும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். நான் கெமிஸ்ட்ரி என்று தெரிந்ததும் பாயசக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"வீட்ல சும்மா இருந்து என்னம்மா பண்ணப் போற? என் லேபுக்கு வந்து வாலன்டியர் பண்ணு. யு.எஸ். எக்ஸ்பீரியன்ஸ் ஆச்சு. ஒர்க் பர்மிட் வந்ததும் நானே டிபார்ட்மென்ட்ல சொல்லி உன்னை உள்ள சேத்து விட்டுடறேன்."

வீடு வந்து சேரும்வரை காரில் நான் ஒருத்திதான் பேசிக்கொண்டு வந்தேன். மறுவாரமே மகளை டேகேரில் சேர்த்துவிட்டு லேபுக்குப் போக ஆரம்பித்தேன். கண்ணாடிக் குடுவைகளைத் தொட்டபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. சமையலறைக்கு வெளியே எனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டதாக நம்பினேன்.

அங்கிள் அந்த செமஸ்டரோடு ஓய்வு பெறுகிறார். லேபைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். அதற்குத்தான் நான். பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாட்டில்களை எடுத்து, பெயர் பார்த்து, தேதி பார்த்துப் பிரித்து வைப்பேன். பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பாதுகாப்புப் பிரிவு ஒன்று உண்டு. சொன்னால் அவர்களே வந்து, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டி, தனி வண்டியில் கொண்டுபோவார்கள். அவர்களிடம் பயிற்சி எடுத்த பிறகுதான் யாரும் கழிவைத் தொடலாம் என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. கேட்டதற்கு அங்கிள் சிரித்தார். "அதெல்லாம் ஸ்டூடன்ட்ஸுக்கும்மா. நீ எம்.எஸ்ஸி., உனக்கு அவன் என்ன சொல்லித் தரப் போறான்?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாராட்டுக்கு அவ்வளவு காய்ந்து கிடந்திருக்கிறேன்.

மூலையில் ஒரு அலமாரி மட்டும் எப்போதும் பூட்டியிருக்கும். அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பழைய சரக்கு எல்லாம் எப்போதோ அப்புறப்படுத்தியாகிவிட்டது என்று பாதுகாப்புப் பிரிவிடம் அவர் சொல்லி வைத்திருந்தார் என்பதும், இப்போது திறந்து காட்டினால் விசாரணை வரும், ஓய்வுக்குப் பிறகும் பல்கலைக்கழகம் அவருக்குத் தருவதாகச் சொன்ன அறை போய்விடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் கிளம்பும் நேரம், மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அங்கிளே கட்டி வைத்திருந்தார்.

"இது ஒண்ணும் இல்லம்மா, பழைய க்ளீனிங் சாமான். யுனிவர்சிட்டி மூலமா அனுப்பினா மாசக்கணக்குல இழுப்பான். உங்க ஊர்ல சனிக்கிழமை வீட்டுக் கழிவு எடுக்கறாங்கள்ல? பெயின்ட், பேட்டரி எல்லாம் வாங்கறானே, அங்க குடுத்துடு. வீட்டு கராஜ்ல கிடந்ததுன்னு சொல்லு. ஒண்ணும் கேக்க மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. லேப் பாட்டிலை வீட்டுக் குப்பை என்று சொல்லச் சொல்கிறாரே என்று தோன்றியது. ஆனால் அங்கிளிடம் எப்படி முடியாது என்பது? நாம் வளர்ந்த விதத்தில் அதற்கு வார்த்தையே கிடையாதே! தலையாட்டினேன்.

பெட்டியை நான் தூக்கப் போனேன். அவர் விடவில்லை. "உனக்கெதுக்கும்மா சிரமம்" என்று தானே தூக்கிக்கொண்டு, அந்த வயதில், லிஃப்ட்டில் இறங்கி, பார்க்கிங் வரை மெள்ள மெள்ள நடந்து வந்தார். பின் சீட்டில் மகளின் கார் சீட்டைப் பார்த்ததும், "பாப்பாவைக் கூப்பிட்டுட்டுத்தான் போவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிக்கியில் பெட்டியை வைத்தார். நான் மூடப் போனபோது கையை நீட்டித் தடுத்து, "விடும்மா, நான் மூடறேன்" என்று இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மூடினார். கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, "ஃப்ரீவே வேண்டாம், உள்ளாற ரோட்லயே போ. ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏத்து. பார்த்துப் போம்மா" என்றார்.

சிக்னலில் நின்றபோது கணவருக்கு ஃபோன் செய்து, "சொந்த மாமாகூட இவ்ளோ அக்கறையா சொல்லி அனுப்ப மாட்டாருங்க" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

டேகேர் வாசலில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அவள் பையையும் போர்வையையும் வைக்க டிக்கியைத் திறந்தேன். ஏதோ ஒரு திருப்பத்தில் பெட்டியின் மூடி விலகியிருந்தது. பாட்டில்களை எல்லாம் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். ஒன்றை மட்டும் தடிமனான டவலில் சுற்றியிருந்தார். அந்தத் துண்டு நழுவி, பாட்டிலின் கழுத்து வெளியே தெரிந்தது. மூடியைச் சுற்றி மஞ்சளாக, காய்ந்து, கற்கண்டுத் தூள் அப்பினாற்போல் இருந்தது. லேபிள் பாதி போயிருந்தது. மீதி எழுத்தே போதுமானதாக இருந்தது.

பிக்ரிக் அமிலம். ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் அது வெடிமருந்து. மூடியைத் திருகினால் போதும், கீழே விழுந்தால் போதும். எங்கள் கல்லூரி லேபில் அந்த பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையே தொடங்குவோம்.

பையைப் போட்டுவிட்டு டிக்கியை அறைந்து சாத்துவது என் வழக்கம். கை பாதி தூரம் கீழே வந்துவிட்டது. எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை. டிக்கியைத் திறந்தது திறந்தபடி விட்டு, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். டேகேர் நடத்திய பெண்மணியிடம், வண்டியில் வெடிக்கக்கூடிய பொருள் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளையும் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோங்கள் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. பிறகு நானே அவசர உதவிக்கு, 911-க்கு ஃபோன் செய்தேன்.

தெருவையே அடைத்துவிட்டார்கள். வெடிகுண்டுப் பிரிவு வந்தது. பிள்ளைகள் எல்லாரும் தூரத்தில் பார்க் புல்வெளியில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டிப்போக வந்த பெற்றோரில் எனக்குத் தெரிந்த இரண்டு தமிழ் அம்மாக்களும் இருந்தார்கள். ஒருத்தி தள்ளி நின்று என்னை வீடியோ எடுத்தாள். கனத்த உடை போட்ட ஒருவர் பெட்டியை எடுத்து, பக்கத்துக் காலி மனையில் குழி தோண்டி, அந்த பாட்டிலை மட்டும் வெடிக்க வைத்தார். சத்தம் கேட்டதும் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு, "Again!" என்று சிரித்தாள். நான் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

கணவர் வந்து முதலில் கேட்டது, "911-க்கு எதுக்குப் பண்ணின? அங்கிளுக்கு ஒரு கால் பண்ணியிருக்கலாம்ல? நம்ம கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்குன்னு தெரியாதா?" மகளைத் தூக்கியது அதற்குப் பிறகுதான். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கே விசா பயத்துக்கு அப்புறம்தான் உயிர்ப் பயம்.

பல்கலைக்கழகத்தில் விசாரணை நடந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அங்கிளும் சொன்னார். பெட்டியைப் பாதுகாப்புப் பிரிவு எடுத்துப்போவதற்காகத் தனியாக வைத்திருந்தாராம். புதிதாக வந்த பெண், ஆர்வக்கோளாறில், சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் போய்விட்டாளாம். "பாவம், நல்ல பொண்ணு, ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று எனக்காகப் பரிந்தும் பேசியிருக்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சாகவே நடந்திருந்ததால் என் சொல்லுக்கு எதிராக அவர் சொல் மட்டுமே நின்றது. நான் யார்? சம்பளமும் இல்லாத, பயிற்சியும் இல்லாத ஒரு டிபெண்டன்ட். போலீஸ் எச்சரித்து விட்டுவிட்டது. பல்கலைக்கழகம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இனி அந்த ஊரில் எந்த லேப் வாசலை நான் மிதிக்க முடியும்? டேகேரிலும் மகளை வேறு இடத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அங்கிளின் மனைவி ஃபோனில் அழுதார். "ரிட்டையர் ஆற நேரத்துல அவருக்கு இப்படி அவமானம் பண்ணிட்டியேம்மா" என்றார். என் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கிளின் பணி நிறைவு விழாவை எங்கள் குடும்பங்கள் சேர்ந்து தடபுடலாக நடத்தின. என் கணவர் போனார். போகாவிட்டால் நன்றாக இருக்காதாம். பொன்னாடை போர்த்திய வரிசையில் அவரும் நின்ற படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அன்று நான் சமைக்கவில்லை.

பல மாதங்கள் கழித்து, மில்பிடாஸில் இந்தியக் கடையில், கொத்தமல்லிக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தால், அங்கிள். ஒன்றுமே நடக்காதது போல, அதே கனிவோடு, "பாப்பா நல்லா இருக்காளாம்மா?" என்றார்.

எனக்குள் அத்தனை நாள் கிடந்து அரித்த கேள்வி வெளியே வந்துவிட்டது. "அங்கிள், அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் ஏன் டவல் சுத்தினீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கொத்தமல்லியைத் திரும்ப வைத்தார். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு, கடைத் தள்ளுவண்டியில் எடுத்து வைத்த சாமான்களை அப்படியே விட்டுவிட்டுக் கடையை விட்டுப் போய்விட்டார். எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. அவருக்குத் தெரியும். பெட்டியை என்னிடம் தராமல் தானே தூக்கியபோது தெரியும், டிக்கியை அழுத்தி மூடியபோது தெரியும், கார் சீட்டைப் பார்த்து பாப்பாவைக் கூப்பிடுவியா என்று கேட்டபோதும் தெரியும்.

எனக்கு இப்போது ஒர்க் பர்மிட் வந்துவிட்டது. வேறு ஊரில், வேறு லேபில் வேலை பார்க்கிறேன். யாருக்கும் கெட்டது நினைக்கக் கூடாது என்று முயற்சி செய்கிறேன், முடியவில்லை. ஏனென்றால் என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை; இப்போது யாராவது கனிவாக "பார்த்துப் போம்மா" என்று சொன்னால், நான் காரைக் கிளப்புவதற்கு முன் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து பார்க்கிறேன்.