ஆசகேல் தூக்கிப் பார்த்த பெட்டி

“என் புருஷன் பொற்தகடு செஞ்சாருன்னு யாருடி சொன்னது? அவரு பால் வாளி செய்யறவரு!”

புளித்த மாவு வாங்க வந்த லொவீனா வாசலை விட்டு நகரவில்லை. “வாளி செய்யற கைக்குத் தகட்டுப் புஸ்தகம் செய்யத் தெரியாதா? பல்மைரா ஊரு பூரா அதான் பேச்சு, கெசியா.”

“பேசறவங்க வாளியும் ஒழுகாம இருக்கே, அது யாரு அடைச்சது? போடி!”

கெசியாவின் புருஷன் ஆசகேல் பொய்யர் இல்லை. வெர்மான்டிலிருந்து தகரச் சாமான் மூட்டையைச் சுமந்துகொண்டு வீடு வீடாக வந்தவர். கெசியாவின் அம்மா வைத்திருந்த ஓட்டைக் காப்பிப் பாத்திரத்தை அடைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வேளைச் சாப்பாடு போதும் என்றவர். அதைப் பார்த்துத்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள்.

அவரைக் கெடுத்தது அவர் வாய்தான். தேவதூதன் காட்டிக்கொடுத்துப் பக்கத்துக் குன்றிலிருந்து தோண்டி எடுத்ததாக உள்ளூர் வாலிபர் ஒருவர் சொன்ன, வேத எழுத்துப் பொறித்த பொற்தகடுகளைப் பெட்டியோடு தூக்கிப் பார்க்கலாம். திறந்தால் தேவகோபம் வரும். நம்பியவர்கள் பன்றிக்குட்டிக்கு எடை பார்ப்பதுபோல ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஆசகேலும் தூக்கினார். “மரமில்ல, மணலில்ல. இது உலோகந்தான்” என்று கூட்டத்தில் அடித்துச் சாட்சி சொன்னார். தகர வேலைக்காரர் அப்படிச் சொன்னால் ஊர் அடுத்து எங்கே பார்க்கும்? அவர் பட்டறையைத்தான்.

கெசியாவும் பார்த்தாள். சுவரோரம் அடுக்கியிருந்த தகரத்தில் பாதியைக் காணோம். அந்தக் கோடை முழுக்க அவர் விற்றதோ இரண்டு விளக்குகள்.

மத்தியானம் சோளக்கூழை வைத்துவிட்டுக் கேட்டாள். “தகரமெல்லாம் எங்க போச்சு?”

“கேக்காத, கெசியா. சொல்லமாட்டேன்னு வேதத்து மேல கை வெச்சிருக்கேன்.”

“அப்ப லொவீனா சொன்னது நெசந்தான். நீங்கதான் அந்தத் தகட்டச் செஞ்சிருக்கீங்க.”

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கூழ்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“பெட்டிக்கு உள்ள தகரம் அடிச்சேன். திருட வர்றவனுங்க கோடாலியோட வர்றானுங்கன்னு அந்த வாலிபரோட ஆளுங்க கேட்டாங்க. பெட்டி சமாச்சாரம் வெளிய போகக்கூடாதுன்னு சத்தியம். அதையும் இப்ப உனக்காக ஒடச்சிட்டேன்.”

கெசியா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை.

“ஒரு பெட்டிக்கா அத்தன தகரம்? மிச்சத்துல என்ன செஞ்சீங்க?”

ஆசகேல் எழுந்தார். தொப்பியை எடுத்தார். “சத்தியத்த மீறினேன்னு அவங்ககிட்டயே போய்ச் சொல்லணும். அவங்க மன்னிச்சா அவங்களோட இருந்துக்கறேன். இங்க என்ன நம்ப ஆளில்ல.”

“எத்தன பெட்டின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க!”

அவர் வேலியைத் தாண்டிச் சாலையில் இறங்கிவிட்டார்.