சந்தனமா, தனக்காவா

ரங்கூனில் போட்டாதாங் பேட்டை வீட்டில் நான் வளர்த்த ஆண் பாம்பின் நிறத்துக்குச் சந்தனம் என்று பெயர் வைத்திருந்தேன். லத்தா பேட்டையில் இருக்கும் என் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், தன் பெண் பாம்பின் நிறத்துக்குத் தனக்கா என்று வைத்திருந்தார். இந்த ஊர்ப் பெண்கள் கன்னத்தில் பூசிக்கொள்ளும் வெளிர்மஞ்சள் பூச்சுதான் அது. இரண்டுமே விஷமில்லாத கார்ன் ஸ்நேக். வழக்கமாகப் பழுப்புச் சிவப்பாகப் பிறக்கும் சாதி. பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும், என்னுடையது அழகு.

பாம்பு வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நிறமும் ஒரே மரபணுவால் வந்தவை என்று நிரூபணமானால், முதலில் அறிவித்தவர் வைத்த பெயர்தான் நிற்கும். மச்சாண்டார் எனக்கு முன்பே ஃபேஸ்புக்கில் படம் போட்டுவிட்டார். அதனால் என்னுடையது வேறு மரபணு, அதில் லேசான ரோஜாச் சாயல் இருக்கிறது என்று சாதித்தேன்.

“அப்ப ரெண்டையும் சேத்து விட்டுப் பாப்பமாம்மா? பயமா இருந்தா யாபாதே, பரவால்ல, விட்டுரு” என்றார்.

“பயமா, எனக்கா? கொண்டாங்க மாமா!”

மரபணு வேறென்றால் குட்டிகள் எல்லாம் சாதாரணப் பழுப்பாக வரும். ஒன்றென்றால் எல்லாம் மஞ்சளாக வரும். அவர் வீட்டில் பூனை இருந்ததால் முட்டைகளை எங்கள் வீட்டிலேயே வைத்தோம். மஞ்சள் குட்டிக்குத்தான் ஊரே ஆசைப்படும். பழுப்பாகவே பிறக்கட்டும் என்று அம்மனுக்கு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்ட ஒரே ஆள் இந்த ரங்கூனில் நானாகத்தான் இருப்பேன்.

முதல் தலை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. வெளிச்சத்தின் கோளாறு என்றேன். அடுத்ததும் மஞ்சள், அதற்கடுத்ததும் மஞ்சள். என் கணவர் டீக்கடைக்கு நழுவிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தனம் அவ்வளவு நல்ல பெயர்.

“தனக்கா குட்டில ஒன்ன நீயே வச்சுக்கம்மா” என்று பெரிய மனதோடு சொன்னார் மச்சாண்டார். இருப்பதிலேயே முரட்டுக் குட்டியை, தொட வந்த கையையெல்லாம் கடித்ததை, பார்த்து எடுத்துக்கொண்டேன்.

நிறத்துக்குத்தான் அவர் வைத்த பெயர். குட்டிக்கு நான் எதையும் வைக்கலாம். எங்கள் குடும்பத்தில் பெண்கள் கணவரின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமானதிலிருந்து நானும் சொன்னதில்லை. இப்போது அவர் வரும்போதெல்லாம் கூண்டைத் திறந்து, அவருடைய முழுப் பெயரையும் சொல்லி, “வாடா, எலி திங்க வாடா” என்று கூப்பிடுகிறேன்.