மட்டக்காரரும் முப்பத்தோரு பட்டறைகளும்

மட்டக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் பலகையில் படும் அளவுக்குக் குனிந்து, மேசையின் விளிம்பை நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்து மேசை அது. எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, வரிசையில் நிற்பவர்கள் காலை நகர்த்தி வழி விடுகிறார்கள். "நடுவுல தொங்குது," என்கிறார் நிமிர்ந்து. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண், "என்ன தொங்குது?" என்று கேட்கிறாள். "பலகைம்மா. நகக்கண் அளவுக்கு." அவள் மாத்திரைப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள்.

எதைக் கண்டாலும் அது மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்குப் பிறவிக்குணம். படிக்கட்டு, கதவு நிலை, பஸ் நிறுத்தத்து பெஞ்சு எதையும் விடமாட்டார். கத்திப் பட்டறைக்காரர்கள் அவருக்கு மட்டக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்; இப்போது சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். "எல்லாரும் நல்ல மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டிக்கிட்டாங்க. நான் மட்டமான மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டிக்கிட்டேன்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் தொடங்குவதற்கு முன்பே அவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆறு அங்குல இரும்பு அளவுகோல் இருக்கும். ஒரு காரியம் சரியாக முடிந்துவிட்டால் "உக்காந்துருச்சு" என்பார். திருகு மரையில் சரியாக இறங்கினாலும் அதே சொல்தான், மகளுக்கு நல்ல இடம் அமைந்தபோதும் அதே சொல்தான்.

இருபத்திரண்டு வருடம் தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அங்கிருந்து வெளியே வந்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் மனைவியின் தம்பி ஒரு மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினான். அவனுக்குச் சின்னதாக ஒரு கத்திப் பட்டறை. அந்த மாதிரிப் பட்டறைகளில் பெரிய இயந்திரம் எதுவும் இருக்காது. ஒரு மோட்டார், சில உருளைகள், அவற்றின் மேல் ஓடும் இரண்டங்குல அகல உப்புத்தாள் பட்டை, அவ்வளவுதான். தகட்டைக் கையால் பட்டையில் அழுத்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் மனுஷக் கை. ஒரு முனையில் கூடும், ஒரு முனையில் குறையும். காய் நறுக்கும் கத்திக்கு அது பெரிய குற்றமில்லை. மடக்குக் கத்தியில் அலகு மயிரிழை கோணினாலும் பிடிக்குள் உரசும்.

"மாமா, திறக்கறப்ப முனகுது பாருங்க. வாங்க வர்றவங்க மூஞ்சியச் சுளிக்கிறாங்க."

மட்டக்காரர் திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து, பட்டை மிஷினின் முன்பக்கம் மாட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுபோனார். பழைய அச்சு இயந்திரத்திலிருந்து கழற்றிய சறுக்குத் தண்டு, அதன்மேல் ஓடும் சிறு மேடை, மேடையில் தட்டையான காந்தம். தகட்டை வைத்தால் காந்தம் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால், ஓடுகிற பட்டைக்கு எதிரே தகடு நேர்கோட்டில் போய்வரும். பின்னாலிருக்கும் திருகை ஒரு கோடு திருப்பினால் மேடை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு முன்னே போகும். பெயரெல்லாம் வைக்கவில்லை. பட்டறைக்காரர்கள் 'அட்டாச்மென்ட்' என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. ஒருவர் சொல்லி ஒருவராக முப்பத்தோரு பட்டறைகள் வாங்கின.

செய்வது அவர். ஓட்டிப் பார்ப்பது அவர் மனைவி. கொல்லைப்புறத்தில் இருந்த அறையில் ஒரு பட்டை மிஷினை நிறுத்தி, ஒவ்வொரு அட்டாச்மென்ட்டையும் அதில் மாட்டி, இரண்டு முழு நாள் அவள் தகடு தேய்ப்பாள். ஒவ்வொரு தகட்டிலும் நாலு மூலையும் நடுவும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பாள். ஐந்து இடமும் ஒத்து வந்தால்தான் பெட்டியில் போகும். அது போக, தம்பியின் பட்டறைத் தகடுகளும் அவளிடம்தான் வரும். பழைய துணியை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவள் வெளியே வரும்போது சாம்பல் பூசிய மாதிரி இருப்பாள். பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். "என் பொண்டாட்டி கை படாம ஒரு மிஷினும் வெளிய போகாது" என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் ஒருநாள் வந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அன்று மாலையே மட்டக்காரர் அந்த அறையின் ஜன்னலை ஆணி அடித்து மூடினார். இடுக்குகளில் பஞ்சுத் தாள் வைத்து அடைத்தார். வேலையென்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்தார். பக்கத்து வீட்டம்மா மறுநாள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டையிலிருந்து பறக்கும் பொறி கண்ணுக்குத் தெரியும். கூடவே பறக்கும் தூள் தெரியாது.

பத்தாவது வருடம் அவளுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனார். "என்ன வேலை பாக்கறாங்க?" என்று டாக்டர் கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். பதிலை இவர் சொன்னார்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வீட்டுல சும்மாதான் இருக்கா."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவர் மனதில் வேலை என்பது அவர் செய்தது. அவள் செய்தது வீட்டில் நடந்தது. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இருமல் மறித்ததால் பேசவில்லையா, பேச வேண்டாம் என்று இருந்துவிட்டாளா, அவருக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு இருமல் வந்தால் என்ன மருந்தோ அதை டாக்டர் எழுதினார். தலையணையை மாற்றச் சொன்னார். பூனை உண்டா என்று கேட்டார். தலையணையை மாற்றினார்கள். கொல்லைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த பூனையை விரட்டினார்கள். ஒன்பது மாதம் அந்த மருந்து ஓடியது. அந்த ஒன்பது மாதத்தில் அவள் இன்னும் மூன்று அட்டாச்மென்ட் ஓட்டிப் பார்த்தாள்.

மாடிப்படியில் பாதி வழியில் அவள் உட்கார்ந்துவிட்ட அன்று, மகள் ஃபோனில் சத்தம் போட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அங்கே இருந்த பெண் டாக்டர் பழைய சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "கையக் காட்டுங்கம்மா" என்றார். விரல் ரேகைக்குள் கறுப்பு ஏறியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பொறி பட்ட சின்னச் சின்னப் புள்ளிகள்.

"இது என்ன வேலை செஞ்ச கை?"

மட்டக்காரர் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"இரும்புத் தகடு தேய்ப்பேன். பதினோரு வருஷமா."

"மூக்குக்கு என்ன போட்டுக்குவீங்க?"

"துணி."

"ரூம்ல ஜன்னல் இருக்கா?"

அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. "இருந்துச்சு," என்றாள்.

நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். இறுகியது இறுகியதுதான், இனிமேல் மேலும் இறுகாமல் தள்ளிப்போடலாம் என்றார். "முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்து, இருவர் முகத்தையும் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு இடம் கிடைத்தது. நாலு நிறுத்தம் கடந்தது. பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று கேட்கிற மாதிரி அவள் கேட்டாள்:

"நான் சும்மாவாங்க இருந்தேன்?"



ஒரு வாரம் அவர் எதையும் தொடவில்லை. எட்டாவது நாள் கொல்லை அறைக்குப் போய் ஜன்னலைப் பிடுங்கினார். ஆணி வராத இடத்தில் சட்டத்தோடு உடைத்தார். பிறகு தகரம் வெட்ட உட்கார்ந்தார். பட்டையைச் சுற்றி ஒரு கூண்டு, கூண்டிலிருந்து தூளை உறிஞ்சித் தண்ணீர் வாளிக்குள் இறக்கும் குழாய், தகட்டின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சின்ன மூக்கு. முப்பத்தொன்று செய்தார். தம்பிக்காரன் பட்டறையில்தான் முதல் கூண்டை மாட்டினார். மாட்டி முடிக்கும் வரை இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், தம்பியின் மனைவியை வீட்டில் துணைக்கு வைத்துவிட்டு, துணிப்பையில் கூண்டோடு பஸ் ஏறுவார். போகும் இடத்தில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"மிஷின் நல்லாத்தானே ஓடுது?"

"மிஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்பார். "யார் ஓட்டுறது?"

"நான்தான்."

அந்தப் பதிலை அவர் நம்புவதில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். இல்லாத திருகை இறுக்குவார். பொறுத்திருந்தால் அடுத்த பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்: "அவசரத்துக்கு வீட்டுல அவளும் நிப்பா." பாதிக்குமேல் பட்டறைகளில் அது வந்தது. மனைவி, அக்கா, ஓரிடத்தில் எழுபது வயது அம்மா.

பத்தொன்பதாவது பட்டறைக்காரர் கொம்புப் பிடி போடுவதில் பெயர் வாங்கியவர். வாய் ஓயாமல் பேசுகிறவர். "அவ சும்மா ஒரு ஒத்தாசைக்கு நிப்பா, வேற ஒண்ணும் இல்ல" என்றார் அவர். சும்மா என்ற சொல் காதில் விழுந்ததும் மட்டக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்களக் கொஞ்சம் கூப்பிடுங்க."

வந்தவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"தங்கச்சி, நாளைக்கு ஒரு டாக்டர் என்ன வேலை பாக்கறன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

அவள் கணவனைப் பார்த்தாள். "வீட்டுலதான் இருக்கேன்னு சொல்லுவேன்."

"அப்படிச் சொல்லாதே. கத்தித் தகடு தேய்க்கிறேன்னு சொல்லணும். எங்க, சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறைக்காரரும் சிரித்தார். மட்டக்காரர் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் நின்ற நீரைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கியது.

"கத்தித் தகடு தேய்க்கிறேன்," என்றாள்.

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"அதையும் சேத்துச் சொல்லணும்."

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. ஒருவர் வாசலிலேயே மறித்தார். "கோளாறான மிஷினத் தலையில கட்டிட்டு இப்பத் தகரம் ஒட்ட வர்றீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றார் இவர். கூண்டை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் போனபோது அதில் பழைய செருப்புகள் கிடந்தன. அதற்கும் அடுத்த வாரம் போனபோது கூண்டு மிஷினில் இருந்தது. யார் மாட்டியது என்று அவர் கேட்கவில்லை. குழாய் இணைப்பை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

முப்பத்தொன்றும் முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் மனைவியால் படுக்கையிலிருந்து முற்றம் வரைதான் நடக்க முடிந்தது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை. புதிதாக அட்டாச்மென்ட் கேட்டு ஒரு பட்டறையிலிருந்து ஆள் வந்தபோது, இனிமேல் செய்வதில்லை என்று மட்டக்காரர் சொல்லப்போனார். உள்ளிருந்து அவள், "செஞ்சு குடுங்க" என்றாள்.

"யார் ஓட்டிப் பாக்கறது?"

"நீங்கதான்."

போன மாதம் ஒரு காலையில் ஓட்டிப் பார்த்தார். பொறி பறக்கும் இடத்தருகே ஆக்ஸிஜன் இருக்கக்கூடாது என்பதால், முற்றத்தின் எதிர்மூலையில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடமாகப் பார்த்து அவளுக்கு நாற்காலி போட்டார். முகமூடியை மாட்டிக்கொண்டு கொல்லை அறைக்குள் போனார். ஒரு தகட்டைத் தேய்த்து, வாளித் தண்ணீரில் அலசி, துடைத்து, முற்றத்தைத் தாண்டி எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தார். அவள் மைக்ரோமீட்டரை மடியில் வைத்திருந்தாள். நாலு மூலையும் நடுவும் அளந்தாள்.

"மூணாவது மூலையில ரெண்டு கோடு கூட," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னாள். "கைப்பிடிய அமுக்கறீங்க. சத்தத்துலயே தெரியுது. தள்ளினாப் போதும்."

அடுத்தது முன்னதைவிட மோசம். பதினோரு வருடத்தில் அவர் தன் மிஷின் முன்னால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. நாலாவது தகட்டுக்கு வரும்போது அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"தோள் வலிச்சிருக்குமே உனக்கு."

"வலது பக்கம்," என்றாள் அவள், தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏழாவது தகட்டை அவள் ஒருமுறை அளந்தாள். திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தாள். பிறகு சரி என்று தலையை மெல்ல ஆட்டி, அதை அவரிடமே நீட்டினாள். மட்டக்காரர் கைகளைச் சட்டையில் நன்றாகத் துடைத்தார். குனிந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.