தட்டான்கள் பறந்த மூன்றாவது வளைவு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டு வந்ததில் சேர்ந்தாற்போல நான்கு நாள் விடுமுறை. ஊரில் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருக்க, நான் மயிலாப்பூர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு பொம்மைக் காரை வைத்துக்கொண்டு அடையாறு பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

பொம்மை என்றால் அங்கே யாருக்கும் பிடிக்காது. ரிமோட்டில் ஓடும் ரேஸ் கார் அது. முழங்கை நீளம்தான் இருக்கும், ஆனால் வேகமெடுத்தால் கண் பின்தொடர முடியாது. ஆற்றை ஒட்டிய ஒரு காலி மனையில் செம்மண் கொட்டி, மேடும் வளைவும் வைத்து டிராக் போட்டிருந்தார்கள். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உயரமான இரும்பு மேடையில் வரிசையாக நின்று ஓட்டுவோம்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஒருநாள் சாயங்காலம் அந்த வழியாக வரும்போது வேடிக்கை பார்க்க நின்றேன். அரை மணி நேரம் எதையுமே நினைக்காமல் இருந்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மூன்றே மாதத்தில், ஒருவர் ஓட்டிப் பழசான காரை வாங்கிவிட்டேன். விடுமுறையின் முதல் நாள் நான் கிளம்பும்போது, "கொலுவுக்கு வரவாளுக்கு யார் வெத்தலை பாக்கு குடுப்பா?" என்று கேட்டார் கணவர். "நீங்கதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த நான்கு நாளும் அங்கே திருவிழாதான். வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அத்தனை குட்டிக் கார்களுக்கும் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் இந்த வண்டிகள் அதன்மேல் ஏறாது, கவிழ்ந்துவிடும். அதனால் பழத்தைக் கையாலேயே நசுக்கிவிட்டுச் சிரித்தார்கள். எல்லா மேஜையிலும் பொரியும் சுண்டலும். ஓட்டுகிறவர்களில் பெண் நான் ஒருத்திதான்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுற்று ஓட்டி முடித்தவர்கள், அடுத்த சுற்று நடக்கும்போது டிராக்கின் வளைவுகளில் போய் நிற்க வேண்டும். யாருடைய கார் கவிழ்ந்தாலும் ஓடிப் போய் நிமிர்த்திவிட வேண்டும். அந்த வேலைக்கு மார்ஷல் என்று பெயர். நம் கார் கவிழும்போது இன்னொருவர் நமக்காக ஓடி வருவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பைனலுக்கான கடைசித் தகுதிச் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் சிலராக ஓட்டுவோம். மூன்று நாள் ஓட்டிய நேரத்தையும் கூட்டிப் பார்த்து முதல் பத்துப் பேருக்குத்தான் இடம். என் சுற்று முடிந்தபோது நான் பதினொன்றாவதாக இருந்தேன். போகட்டும் என்று மூன்றாவது வளைவில் போய் நின்றேன்.

அடுத்த சுற்றில் ராயப்பேட்டையில் பைக் மெக்கானிக்காக இருக்கும் ஒருவர் ஓட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும். உடைந்த பாகங்களைத் தானே ஒட்டிச் செய்த கார் அவருடையது. கடைக்கு லீவு விட்டதே இந்தப் பந்தயத்துக்காகத்தான் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அதுவரையிலான கணக்கில் அவர் எனக்கு ஒரு படி மேலே, பத்தாவது இடத்தில் இருந்தார்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. வெயில் சாய்ந்து மஞ்சளாக இருந்தது. எங்கிருந்தோ தட்டான்கள் வந்தன. பத்து, இருபது இல்லை, நூற்றுக்கணக்கில். என் தலைக்குச் சற்று மேலே, போகாமலும் இறங்காமலும் காற்றில் அப்படியே நின்றன. ஒவ்வொரு இறக்கையிலும் வெயில் பட்டு, மைதானம் முழுக்க மெல்லிய கண்ணாடித்தாளைப் பிடித்துக் குலுக்குவது போல இருந்தது. கார்களின் சத்தம் தூரத்தில் யாரோ தையல் மிஷின் மிதிப்பது போலக் கேட்டது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது.

"மார்ஷல்! மார்ஷல்!" என்று மேடையிலிருந்து யாரோ கத்தியபோதுதான் திரும்பினேன். என் காலுக்குப் பத்தடி தூரத்தில் அவருடைய கார் மல்லாந்து கிடந்தது. சக்கரங்கள் வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. ஓடிப் போய் நிமிர்த்தினேன். ஆனால் நேரம் போய்விட்டது.

பட்டியலை ஒட்டினார்கள். பத்தாவதாக என் பெயர். அதற்குக் கீழே அவர் பெயர்.

எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. "என்ன மேடம் ஆச்சு?" என்று போட்டி நடத்துகிறவர் கேட்டார். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், "கண்ணுல தூசி விழுந்துடுத்து" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் கண்ணைக் கசக்கிக் காட்டவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அந்த மெக்கானிக் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பைனல். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். போனால் அவர் என் மேஜைக்கே வந்தார்.

"கண்ணு எப்டிக்கா கீது?"

"இன்னும் கொஞ்சம் எரியறது" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

"அப்போ நான் பக்கத்துல நிக்கறேன். முன்னால பின்னால யாரு வர்றாங்கன்னு சொல்லிக்கினே இருக்கேன். நீங்க உங்க வண்டிய மட்டும் பாருங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேடையில் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பந்தயம் தொடங்கியது. "இப்ப வுடுங்க... போதும், புடிங்க... உள்ள வாங்க... பின்னால வேகமா ஒருத்தன் வர்றான், வழி குட்த்துடுங்க... பொறுமக்கா, பொறும." கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்கி அந்தக் குரல் மட்டும் மிஞ்சியது. கார் என் கையில் ஓடவில்லை, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓடியது. செம்மண், சாயங்கால வெயில், ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று எல்லாம் ஒன்றாகக் கரைந்தது. எத்தனை நிமிடம் போனது என்றே தெரியவில்லை. ஏழாவதாக முடித்திருந்தேன்.

கீழே இறங்கியதும் அவரே என் காரை எடுத்து, பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்ட ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நேத்து என் கண்ணுல தூசி விழலை. நான் தட்டானைப் பாத்துண்டு நின்னேன். உங்க இடத்தைக் கெடுத்துட்டேன்."

பிரஷ் நிற்கவில்லை. "தெரியும்கா. நான் மேட மேலதான நின்னேன். என் வண்டி கவுந்து கெடக்குது, நீங்க மேல பாத்து சிரிச்சிக்கினு கீறீங்க."

"அப்புறம் ஏன் கேக்கலை?" என்றேன்.

"ராத்திரி பூரா கோவம்தான். தூக்கமே இல்ல. நறுக்குனு நாலு வார்த்த கேட்டுடணும்னுதான் காலைல கெளம்புனேன். வர்ற வழியில தோணிச்சு, எல்லார் முன்னாடியும் கேட்டா நீங்க அத்தோட இங்க வரமாட்டீங்கன்னு. லேடீஸ்ல நீங்க ஒருத்தர்தான் ஓட்றீங்க. பைனல் அடுத்த தபா வரும்கா." தலையை நிமிர்த்தி, "தட்டானையா பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அவரிடம் சொன்னதோடு எனக்குத் தீரவில்லை. பொய்யை எல்லோர் முன்னாலும்தானே சொல்லியிருந்தேன்? பரிசு கொடுக்கும் நேரத்தில் மைக்கைக் கேட்டு வாங்கி, முந்தின நாள் நடந்ததை உள்ளபடியே சொன்னேன். யாரோ கை தட்ட, அந்த மெக்கானிக் கூச்சத்தில் தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய்விட்டார்.

இப்போதும் நான் ஓட்டுகிறேன், பெரும்பாலும் கடைசி இடங்களில்தான். ஆனால் யார் மீதாவது எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், ஒரு ராத்திரி முழுக்கக் கோபத்தில் தூங்காத ஒருவர், நான் அந்த டிராக்கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகக் காலையில் அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டது நினைவுக்கு வருகிறது. கேட்க நினைத்த நாலு வார்த்தையை மறுநாள் காலைக்குத் தள்ளிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் காலையில் அவை தேவைப்படுவதில்லை.