பாஸ்கரின் டென்ட்டை நான் துவைத்த ஞாயிறு

கர்ர்ர்... கர்ர்ர்...

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என் தலைக்கு மேலே கேட்கும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மொட்டைமாடியில் இருபது லிட்டர் தண்ணி கேனை இழுக்கிற சத்தம். நான்கு கேன், நான்கு முறை.

நெமிலிச்சேரியில் அப்போது நாங்கள் குடியிருந்தது கடைசி மாடி. எதிர் ஃபிளாட்டில் பாஸ்கர். மதுரைக்காரர், ஐ.டி. வேலை. ஆன்சைட் என்று வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். இவர் ஒரு டென்ட் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறம், நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாதே... அதனால் மூலைக்கு ஒன்றாகத் தண்ணி நிரம்பிய கேன்களை வைத்து, அவற்றின் கழுத்தில் கயிற்றைக் கட்டுவார். கீழே ஒரு தார்ப்பாய். கம்பிகளைச் செருகி, குறுக்காகப் போட்டு, வளைத்து நிமிர்த்தினால் ஐந்து நிமிஷத்தில் வீடு ரெடி. செருப்போடு உள்ளே போகக்கூடாது. மடிக்கும் முன் முழுக்கக் காய வேண்டும்.

வாட்ச்மேன் ஏழுமலை முதல் நாள் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது: "இன்னா சார் இது? கீய அம்மாம் பெரிய ஊடு கீது, மேல வந்து கூடாரம் போட்டுகினு குந்திகீறாரு!"

நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

காரணம், அந்த டென்ட்டுக்குள் பாஸ்கரின் பையனோடு என் மகள் யாழினியும் இருப்பாள். எட்டு வயது. நான் மேலே போய்ப் பார்த்தால் வாசலில் அவளுடைய இரண்டு பாதம் மட்டும் தெரியும். கூப்பிட்டால் பாதம் உள்ளே போய்விடும்.

சனிக்கிழமை பாஸ்கருக்கு லீவு. எனக்குச் செய்தி வேட்டை.

ஒருநாள் கேட்டாள். "அப்பா, நீங்களும் அங்கிள் கம்பெனில சேர்ந்துக்கலாம்ல? அங்க சனிக்கிழமை லீவாம்."

பத்து வருஷத்துக்கு மேல் செய்தியாளனாக இருந்தவன். மந்திரிகளின் காரைப் பார்த்து வராத பொறாமை, ஒரு ஆரஞ்சுத் துணியைப் பார்த்து வந்தது. அதற்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிறு எனக்கு லீவு அமைந்தது. போய் டென்ட்டை இரவல் கேட்டேன். பாஸ்கர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை... அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணே. அழுக்கானா மட்டும்..."

"தெரியும் பாஸ்கர்."

அவரைப் பேசி முடிக்க விடவில்லை. என் வாழ்க்கையில் குறிப்பெடுக்காமல் விட்ட பேட்டி அது ஒன்றுதான்.

சென்னீர்குப்பம் பக்கம் நண்பர் ஒருவரின் காலி மனை. நானும் யாழினியும் என் மனைவி மாலதியும். கம்பி எது, துணி எது என்று நான் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

"அங்கிள் முதல்ல குறுக்கப் போடுவாருப்பா."

"எனக்குத் தெரியும்டி."

கடைசியில் அவள் சொன்னபடிதான் நின்றது. உள்ளே எலுமிச்சை சாதம், ஊறுகாய். மதியம் என் கையைத் தலைக்கு வைத்து ஒரு மணி நேரம் தூங்கினாள். கை மரத்துப்போனது, எடுக்கவில்லை. ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டென்ட் முழுக்கச் செம்மண், ஊறுகாய் எண்ணெய். இரவல் வாங்கிய டிபன் பாக்ஸையே துலக்காமல் திருப்பித் தராத குடும்பம் எங்களுடையது. வெந்நீர், சோப்புத்தூள், துணி பிரஷ். யாழினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாய் ஏதோ உரிந்து வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"என்னண்ணே, புதுசுல கூட இப்படிப் பளபளன்னு இல்லையே!" என்றார் பாஸ்கர், திருப்பிக் கொடுத்தபோது. எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அதிசயமாக நான் வீட்டில் இருந்தேன். மழை பிடித்தது. குழந்தைகளைக் கூப்பிட மேலே ஓடினேன். பாஸ்கர் படியில் நின்று, "பயப்படாதீங்கண்ணே, ஒரு சொட்டு இறங்காது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வெளியே ஓடி வந்தார்கள்.

அவர் டென்ட்டின் உள்பக்கத்தைத் தடவினார். விரலில் வெள்ளையாய் உரிந்து வந்தது.

அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது அழுக்கில்லை. மழையைத் தடுக்கிற பூச்சு.

"என் தப்புதாண்ணே. வெயில்லயே போட்டுப் போட்டுத் துணி வெந்துபோச்சு போல" என்றார்.

நான் யாழினியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். சங்கடம் இருந்தது, உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது சந்தோஷம். அதுவும் உண்மை.

அடுத்த சனிக்கிழமை கேன் சத்தம் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. சில மாதத்தில் பாஸ்கர் குடும்பத்தோடு மறுபடி வெளிநாடு போய்விட்டார்.

இப்போது அந்த மாடியில் சோலார் பலகைகள். எனக்கு எல்லா நாளும் லீவு. யாழினி பெங்களூரில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமையானால் ஏதாவது மலைக்குப் போய்விடுகிறாள். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். பாறைமேல் நீல டென்ட், சொந்தமாக வாங்கியது. மூலைக்கு ஒரு சின்னத் தண்ணி கேன். கீழே, "பாஸ்கர் அங்கிள் ஸ்டைல்!"

போன் செய்தேன். "மழை வந்தா ஒழுகாதே?"

"ஒழுகாதுப்பா. சோப்பு போடல."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர கொஞ்ச நேரம் ஆனது.

அன்று என்னோடு பிரஷ் பிடித்தவள் அவள். எப்போது புரிந்துகொண்டாளோ தெரியாது. ஆனால் அவளுடைய பாஸ்கர் அங்கிளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷமாக என் பக்கம்தான் இருந்திருக்கிறாள். நான்தான் வாசலில் நின்று பாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதை முதலில் பாஸ்கருக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் இங்கே போடுகிறேன். மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

அந்த 'ஸ்டைல்' மட்டும்... இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.